கையில் இருப்பது 2எச்-ஆ, 1டீ பிரைமா? மாலிப்டினம் டைசல்ஃபைடின் ஃபேஸைக் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

இரண்டு பாட்டில்கள். இரண்டின் மேலும் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்றுதான் எழுதியிருக்கிறது, பகுப்பாய்வுக்கு அனுப்பினாலும் ஒரு மாலிப்டினத்துக்கு இரண்டு கந்தகம் என்றே பதில் வரும். ஆனால் ஒன்றில் இருப்பது டிரான்சிஸ்டர் செய்யத் தகுந்த குறைக்கடத்தி, மற்றொன்றில் இருப்பது கிட்டத்தட்ட உலோகம். அணுக்கள் உட்கார்ந்திருக்கும் விதம் மட்டுமே வேறு, இந்த விதத்தைத்தான் ஃபேஸ் என்கிறோம்.

எம்.எஸ்சி. புராஜெக்டிலோ பிஎச்.டி. முதல் வருடத்திலோ இந்தப் பொருளோடு மல்லுக்கட்டத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டுரைகளில் 2எச், 3ஆர், 1டீ, 1டீ பிரைம் என்று பெயர்கள் பறக்கும். பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம், மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒரே பெயருக்குள் அடைத்துவிடுவதுதான். மாலிப்டினத்தைச் சுற்றிக் கந்தகம் எப்படி நிற்கிறது? மாலிப்டினங்கள் தங்கள் இடத்திலிருந்து நகர்ந்திருக்கின்றனவா? ஒரு அடுக்கின் மேல் அடுத்த அடுக்கு எப்படி உட்கார்ந்திருக்கிறது? இதே வரிசையில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சான்று தேடினால் குழப்பம் பாதி தீரும்.

(எழுத்து பற்றி ஒரு வார்த்தை: ஃபேஸ் பெயரில் வருவதை 'டீ' என்றும் ஆர்பிட்டாலை 'டி' என்றும் எழுதியிருக்கிறேன், இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதற்காக.)

படி 1: பெயரைப் பிரித்துப் படியுங்கள்

ஒரு அடுக்கு என்றால் ஒரு அணுத் தடிமன் என்று நினைக்காதீர்கள். கந்தகம், மாலிப்டினம், கந்தகம் என்று மூன்று தளங்கள் சேர்ந்ததுதான் ஒரு அடுக்கு. அடுக்குக்குள் பிணைப்பு வலுவானது, அடுக்குகளுக்கு இடையே வான் டெர் வால்ஸ் இழுப்பு மட்டும்தான், அதனால்தான் டேப் ஒட்டி உரிக்க முடிகிறது, இதே பொருளை கிரீஸில் கலந்து மசகாகவும் பயன்படுத்துகிறார்கள். அடுக்குக்கு அடுக்கு தூரம் சுமார் 6.15 ஆங்ஸ்ட்ராம், தளத்துக்குள் அணிக்கோவை மாறிலி 3.16 ஆங்ஸ்ட்ராம். இந்த அமைப்பை எக்ஸ்-கதிர் வைத்து 1923-இலேயே கால்டெக்கில் டிக்கின்சனும் பாலிங்கும் கண்டுபிடித்துவிட்டார்கள். லைனஸ் பாலிங்கின் முதல் ஆய்வுக் கட்டுரையே இந்த மாலிப்டினைட் கனிமத்தைப் பற்றியதுதான்.

பெயரில் வரும் எண், அலகுக்கூட்டில் (திரும்பத் திரும்ப அடுக்கினால் முழுப் படிகமும் வரும் சின்னத் துண்டு) எத்தனை அடுக்குகள் என்பதைச் சொல்கிறது. எழுத்து, சமச்சீரின் வகையைச் சொல்கிறது: எச் என்றால் ஹெக்சகனல், ஆர் என்றால் ராம்போஹெட்ரல், டீ என்றால் டிரைகனல். 2எச்-இல் இரண்டு அடுக்குகள் ஒன்றுக்கொன்று 180 டிகிரி திரும்பி நிற்கும். 3ஆர்-இல் எல்லா அடுக்கும் ஒரே பக்கம் பார்த்தபடி, ஒவ்வொன்றும் கொஞ்சம் தள்ளி உட்காரும்.

முதல் பொறி இங்கேயே இருக்கிறது. 2எச், 3ஆர் இரண்டிலும் தனி அடுக்கு ஒரே மாதிரிதான், வேறுபாடு அடுக்கிய விதத்தில் மட்டும். 2எச்-உக்கும் 1டீ-உக்கும் உள்ள வேறுபாடு அப்படிப்பட்டதல்ல, அங்கே தனி அடுக்கே வேறு. ஆகவே உங்களிடம் ஒற்றை அடுக்கு மட்டும் இருக்கிறதென்றால் 2எச்-ஆ 3ஆர்-ஆ என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. கறாராகச் சொன்னால் அதை 1எச் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் பழக்கத்தில் எல்லோரும் 2எச் என்றே எழுதுகிறார்கள், நானும் அப்படியே எழுதப்போகிறேன்.

படி 2: டி-எலக்ட்ரான்களை எண்ணுங்கள்

எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய கணக்கு இது. பேப்பரும் பேனாவும் போதும்.

ஒவ்வொரு மாலிப்டினத்தையும் சுற்றி ஆறு கந்தகங்கள். மேலே மூன்று, கீழே மூன்று. மேல் மூன்றும் கீழ் மூன்றுக்கு நேர் மேலே நின்றால் அது முக்கோணப் பட்டகம், 2எச், 3ஆர் இரண்டும் இந்த வகை. மேல் முக்கோணம் 60 டிகிரி திரும்பி நின்றால் அது எண்முகி, 1டீ குடும்பம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பெரிதாக எதையும் உடைக்க வேண்டியதில்லை, ஒரு கந்தகத் தளம் மட்டும் சுமார் 1.8 ஆங்ஸ்ட்ராம் வழுக்கினால் போதும். இதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அணு அணுவாகப் பார்த்தும் இருக்கிறார்கள்.

சுற்றியிருக்கும் கந்தகங்களின் அமைப்பைப் பொறுத்து மாலிப்டினத்தின் ஐந்து டி-ஆர்பிட்டால்களும் வெவ்வேறு விதமாகப் பிரிகின்றன. முக்கோணப் பட்டகத்தில் கீழே ஒன்று (டி-இசட்²), அதற்கு மேலே ஒரு ஜோடி, இன்னும் மேலே ஒரு ஜோடி. எண்முகியில் கீழே மூன்று, மேலே இரண்டு. இந்தச் சேர்மத்தில் மாலிப்டினம் 4+ நிலையில் இருப்பதால் மிஞ்சுவது இரண்டே இரண்டு டி-எலக்ட்ரான்கள். முக்கோணப் பட்டகத்தில் அந்த இரண்டும் கீழே இருக்கும் ஒற்றை ஆர்பிட்டாலை நிரப்பிவிடும், மேலே இடைவெளி, ஆகவே குறைக்கடத்தி. எண்முகியில் சம ஆற்றலுள்ள மூன்று ஆர்பிட்டால்களுக்கு இரண்டு எலக்ட்ரான், அதாவது பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்த கதை, இப்படி அப்படி நகர இடம் இருக்கிறது, ஆகவே உலோகம்.

இதே கணக்கை மற்ற உலோகங்களுக்கும் போட்டுப் பாருங்கள், பட்டியலே தானாக விழும். டைட்டானியம், சிர்கோனியம், ஹாஃப்னியம் என்றால் டி-எலக்ட்ரான் பூஜ்யம், எண்முகியே வசதி, 1டீ. நியோபியம், டான்டலம் என்றால் ஒன்று. அரைகுறையாக நிரம்பிய பட்டை, ஆகவே இரண்டு அமைப்பிலும் அடிப்படையில் உலோகம், ஆனால் மின்னூட்ட அடர்த்தி அலை (எலக்ட்ரான் அடர்த்தி அலை போல ஏறி இறங்குவது), மீக்கடத்தல் (மின்தடையே இல்லாமல் போவது) என்று வேடிக்கைகள் நிறைய. நியோபியம் டைசெலினைடு சுமார் 7 கெல்வினில் மீக்கடத்தியாகிவிடும். ரீனியம் என்றால் மூன்று, எண்முகி கடுமையாகக் கோணி ரீனியம் அணுக்கள் நான்கு நான்காகச் சேர்ந்து சங்கிலி கட்டும், அதனால் இடைவெளி திறந்து குறைக்கடத்தி. பிளாட்டினம் என்றால் ஆறு, எண்முகியின் கீழ் மூன்று ஆர்பிட்டாலும் முழுக்க நிரம்பிவிடும். ஆகவே பிளாட்டினம் டைசல்ஃபைடு 1டீ-ஆக இருந்தும் குறைக்கடத்தி.

இந்தக் கடைசி எடுத்துக்காட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். '1டீ என்றால் உலோகம்' என்று ஒரு வாய்ப்பாடு சுற்றிக்கொண்டிருக்கிறது, அது டி-எலக்ட்ரான் இரண்டு உள்ள மாலிப்டினம், டங்ஸ்டனுக்கு மட்டும் சொல்லப்பட வேண்டியது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இது கையால் போடும் கணக்கு. உண்மையான பட்டைகளில் டி-இசட்² மற்ற ஆர்பிட்டால்களோடும் கந்தகத்தின் பி-ஆர்பிட்டாலோடும் கலந்துவிடுகிறது. உலோகமா இல்லையா என்று சொல்ல இது போதும், இடைவெளி எவ்வளவு என்று சொல்லப் போதாது.

படி 3: 1டீ என்று எழுதியிருந்தால் பிரைம் எங்கே என்று கேளுங்கள்

கோணல் இல்லாத சுத்தமான 1டீ மாலிப்டினம் டைசல்ஃபைடு நிலையானதே அல்ல. அதன் ஃபோனான்களை (படிக அதிர்வுகளை) கணக்கிட்டால் கற்பனை அதிர்வெண்கள் வருகின்றன, அதாவது அணுக்கள் அந்த இடத்தில் நிற்க விரும்பவில்லை. மாலிப்டினங்கள் இரண்டிரண்டாக நெருங்கி வளைந்து வளைந்து போகும் சங்கிலியாக மாறிவிடுகின்றன. சமமாக 3.2 ஆங்ஸ்ட்ராம் வாக்கில் இருக்க வேண்டிய மாலிப்டினம்-மாலிப்டினம் தூரம், ஒரு பக்கம் சுமார் 2.8, இன்னொரு பக்கம் சுமார் 3.8 என்று பிரிகிறது. அலகுக்கூடு ஒரு திசையில் இரட்டிப்பாகிறது. இதுதான் 1டீ பிரைம்.

ஆற்றல் கணக்கும் இதையே சொல்கிறது. டிஎஃப்டி (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்து ஆற்றலைக் கணக்கிடும் குவாண்டம் முறை) கணக்குகளில் 2எச்-ஐ விடக் கோணாத 1டீ ஒரு சூத்திர அலகுக்குச் சுமார் 0.8 எலக்ட்ரான்வோல்ட் மேலே இருக்கிறது, 1டீ பிரைம் சுமார் 0.55 மேலே. ஆக இரண்டுமே 2எச்-ஆக மாறத் துடிப்பவைதான், 1டீ பிரைம் கொஞ்சம் பொறுமைசாலி.

மின்பண்பிலும் பிரைம் முக்கியம். 1டீ என்றால் சந்தேகமில்லாத உலோகம். 1டீ பிரைம் அப்படியல்ல, அரை உலோகத்துக்கு (பட்டைகள் லேசாக மட்டும் ஒன்றோடொன்று மோதுவது) நெருக்கமானது, ஸ்பின்-ஆர்பிட் பிணைப்பை (எலக்ட்ரானின் ஸ்பின்னுக்கும் அதன் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பை) சேர்த்தால் நூறில் சில பங்கு எலக்ட்ரான்வோல்ட் அளவுக்குச் சின்ன இடைவெளி திறக்கிறது. 2014-இல் சியாவ்ஃபெங் சியான், லியாங் ஃபூ உள்ளிட்ட எம்ஐடி குழு, இந்த 1டீ பிரைம் ஒற்றை அடுக்குகள் விளிம்பில் மட்டும் மின்சாரம் ஓடும் குவாண்டம் ஸ்பின் ஹால் பொருட்களாக இருக்கும் என்று கணித்தது. அது தெளிவாக நிரூபணமானது டங்ஸ்டன் டைடெலுரைடில், 2018 வாக்கில் 100 கெல்வின் வரை அந்த விளிம்புக் கடத்தலைக் காட்டிவிட்டார்கள்.

கோணல் இந்த ஒரு வகையில்தான் வரும் என்றும் இல்லை. மாலிப்டினங்கள் மும்மூன்றாகச் சேரும் ஒரு வடிவத்தைப் பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்தில் ஷிரோட்கரும் வாக்மரேயும் 2014-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள், அதில் ஃபெரோஎலக்ட்ரிக் பண்பும் (மின்புலத்தால் திருப்பக்கூடிய தன்னிச்சையான மின்முனைவு) வருகிறது. படி 7-இல் கூட்டின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது இது கைகொடுக்கும்.

லித்தியம் முறையில் செய்த மாதிரியை '1டீ' என்று மட்டும் எழுதியிருக்கும் கட்டுரைகளை நான் '1டீ பிரைம், கொஞ்சம் 2எச் கலந்தது' என்று மொழிபெயர்த்துத்தான் படிக்கிறேன். எழுதியவர்களுக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்கும், சுருக்கமாக எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான்.

படி 4: அடுக்கு எத்தனை என்று பாருங்கள்

2எச் என்று உறுதியான பிறகும் கதை முடிவதில்லை, ஏனென்றால் அடுக்கு எண்ணிக்கை இடைவெளியின் குணத்தையே மாற்றுகிறது. கட்டியாக இருக்கும்போது மறைமுக இடைவெளி (இணைதிறன் பட்டையின் உச்சியும் கடத்தல் பட்டையின் அடியும் வெவ்வேறு உந்தத்தில் இருப்பது), சுமார் 1.3 எலக்ட்ரான்வோல்ட், ஒளி உமிழ்வு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஒற்றை அடுக்கானதும் நேரடி இடைவெளி (இரண்டும் ஒரே உந்தத்தில்), 1.85 வாக்கில் பளிச்சென்று ஒளி உமிழும். 2010-இல் கொலம்பியாவில் மாக், ஹைன்ஸ் குழுவும் பெர்க்லியில் ஸ்பிளெண்டியானி, ஃபெங் வாங் குழுவும் தனித்தனியாக இதைக் காட்டிய பிறகுதான், மசகு என்று ஓரமாகக் கிடந்த பொருளின் மேல் எல்லோர் கண்ணும் விழுந்தது.

ஏன் இப்படி? இணைதிறன் பட்டையின் உச்சிக்கு உந்த வெளியில் இரண்டு இடங்கள் போட்டியிடுகின்றன, காமா புள்ளி (அறுகோணத்தின் நடு) ஒன்று, கே புள்ளி (அதன் மூலை) இன்னொன்று. காமாவில் இருக்கும் நிலைகளில் டி-இசட்²-உம் கந்தகத்தின் பி-இசட்-உம் கலந்திருக்கின்றன, இரண்டும் அடுக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை, ஆகவே பக்கத்து அடுக்கோடு உரசி ஆற்றலில் மேலேறிவிடுகின்றன. கே-யில் இருப்பவை தளத்துக்குள் படுத்திருக்கும் டி-ஆர்பிட்டால்கள், நடுவில் மாலிப்டினத்திடமே பத்திரமாக இருப்பவை, பக்கத்தில் அடுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவற்றுக்குக் கவலையில்லை. அடுக்குகளை ஒவ்வொன்றாக உரிக்க உரிக்கக் காமா கீழே இறங்குகிறது, கே அப்படியே நிற்கிறது, கடைசி ஒரு அடுக்கில் கே ஜெயித்துவிடுகிறது. கடத்தல் பட்டையின் அடியும் அங்கே கே-யில்தான், ஆகவே நேரடி.

1.85 என்பது ஒளியியல் இடைவெளி, எலக்ட்ரானும் துளையும் சேர்ந்து எக்சிட்டானாக இருக்கும்போது தெரிவது. ஒற்றை அடுக்கில் எக்சிட்டானின் பிணைப்பாற்றல் சில நூறு மில்லி எலக்ட்ரான்வோல்ட் என்பதால், உண்மையான மின்னியல் இடைவெளி அந்த அளவுக்கு மேலே இருக்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

கே புள்ளியில் ஸ்பின்-ஆர்பிட் பிளவு சுமார் 150 மில்லி எலக்ட்ரான்வோல்ட். உறிஞ்சுநிறமாலையில் ஏ, பி என்று இரண்டு உச்சிகள் தெரிவதற்கு இதுதான் காரணம். டங்ஸ்டன் டைசெலினைடில் இந்தப் பிளவு இதைப் போல மூன்று மடங்கு.

படி 5: மாற்றுவதென்றால் எலக்ட்ரானைத் திணியுங்கள்

படி 2-இன் கணக்கைத் திரும்பிப் பாருங்கள். 2எச்-இல் கீழ் ஆர்பிட்டால் நிரம்பிவிட்டது. இன்னொரு எலக்ட்ரானைத் திணித்தால் அது இடைவெளியைத் தாண்டி மேலே போய் உட்கார வேண்டும், செலவு அதிகம். எண்முகியிலோ கீழே இன்னும் இடம் இருக்கிறது. ஆக, போதுமான எலக்ட்ரான் கொடுத்தால் அடுக்கு தானாகவே எண்முகிக்கு மாறிவிடும். அதற்குச் சுலபமான வழி லித்தியத்தை அடுக்குகளுக்கு இடையில் நுழைப்பது. பீயும் ஹேரிங்கும் 1983-இலேயே இந்த மாற்றத்தை எழுதிவிட்டார்கள், 1986-இல் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ஜோன்சன், ஃப்ரிண்ட், மாரிசன் மூவரும் லித்தியம் நுழைத்த பொடியைத் தண்ணீரில் போட்டு ஒற்றை அடுக்குகளாகப் பிரித்தார்கள். கிராஃபீன் அலைக்குப் பதினெட்டு வருடம் முன்பு!

செய்முறை பெரும்பாலும் இப்படித்தான்: ஹெக்சேனில் கரைத்த நார்மல்-பியூட்டைல் லித்தியத்தில் பொடியை மந்த வாயுச் சூழலில் ஒன்றிரண்டு நாள் ஊறவைப்பது, பிறகு ஹெக்சேனால் பல தடவை கழுவி மிச்ச பியூட்டைல் லித்தியத்தையும் கரிமக் கழிவையும் நீக்குவது, பிறகு தண்ணீரில் போட்டு அல்ட்ராசோனிக் குளியலில் வைப்பது. தண்ணீர் பட்டதும் லித்தியம் ஹைட்ராக்சைடு ஆகி ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்பும், அந்தக் குமிழ்களும் சேர்ந்துதான் அடுக்குகளைப் பிரிக்கின்றன. கடைசியில் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி லித்தியம் ஹைட்ராக்சைடைக் கழுவி வெளியேற்றுவது.

பியூட்டைல் லித்தியம் காற்றுப் பட்டால் தானாகத் தீப்பிடிக்கும், அதுவும் ஹெக்சேனுக்குள் இருக்கிறது. யூடியூப் பார்த்துத் தனியாகச் செய்துபார்க்கும் வேலை இல்லை இது. குளோவ் பாக்ஸ் இருக்க வேண்டும், ஏற்கெனவே செய்து பழகியவர் பக்கத்தில் நிற்க வேண்டும், கழுவிய ஹெக்சேனை என்ன செய்வது என்பது வேலை ஆரம்பிக்கும் முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும். முதல் கழுவலில் வரும் ஹெக்சேனில் பியூட்டைல் லித்தியம் நிறைய இருக்கும், அதை அப்படியே கழிவு கேனில் ஊற்றக் கூடாது.

திரும்ப 2எச்-க்குக் கொண்டுவருவது எளிது. ஆர்கானில் 300 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் பெரும்பகுதி திரும்பிவிடும், ஒளி உமிழ்வும் திரும்ப வரும், 2011-இல் ரட்கர்ஸில் கோகி ஈடா, சோவல்லா குழு இதைக் காட்டியது. சூடே இல்லாவிட்டாலும் அறை வெப்பத்தில் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டுதான் இருக்கும்.

படி 6: அளவெடுங்கள், ஆனால் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்

காசு செலவில்லாத சோதனை கண்தான். நீரில் கலங்கியிருக்கும் 2எச் துகள்கள் பச்சை சாய்ந்த நிறம், 1டீ பிரைம் கறுப்பு அல்லது சாம்பல் கறுப்பு. யூவி-விசிபிளில் (உறிஞ்சுநிறமாலை எடுக்கும் கருவி) போட்டால் 2எச்-க்கு 610, 670 நானோமீட்டர் பக்கத்தில் பி, ஏ உச்சிகள் நிற்கும், 1டீ பிரைமில் அவை இருக்காது, வழவழவென்று இறங்கும் ஒரு கோடுதான்.

அப்புறம் ராமன், அதாவது லேசர் ஒளி அணுக்களின் அதிர்வால் எவ்வளவு மாறிச் சிதறுகிறது என்று பார்ப்பது. 2எச்-க்கு இரண்டு உச்சிகள், தளத்துக்குள் ஆடும் ஈ2ஜி 383 பக்கத்திலும், கந்தகங்கள் மேலும் கீழும் ஆடும் ஏ1ஜி 405 பக்கத்திலும் (எல்லாம் செ.மீ.⁻¹). இரண்டுக்கும் இடையிலான தூரம் அடுக்கு எண்ணிக்கையைச் சொல்லும்: ஒற்றை அடுக்கில் 18 முதல் 20, கட்டியில் 25. 1டீ பிரைமில் புதிதாக ஜே1, ஜே2, ஜே3 என்று மூன்று உச்சிகள் சுமார் 155, 225, 330 பக்கத்தில் முளைக்கும், ஈ2ஜி மங்கிவிடும். இந்த ஜே உச்சிகள் இரட்டிப்பான கூட்டிலிருந்து வருபவை, ஆகவே அவை தெரிந்தாலே கோணல் இருக்கிறது என்று அர்த்தம், அதாவது உங்களிடம் இருப்பது பிரைம் உள்ள 1டீ.

லேசரின் திறனில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். லேசரே மாதிரியைச் சூடாக்கி 1டீ பிரைமை 2எச்-ஆக மாற்றிவிடும். ஒரே புள்ளியில் நான்கைந்து தடவை தொடர்ந்து ஸ்கேன் எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஜே2 ஒவ்வொரு ஸ்கேனிலும் குட்டையாகிக்கொண்டே போய், 383-இல் ஒரு தோள் எழும்பி, அது மெல்ல உச்சியாக மாறினால், நீங்கள் அளக்கவில்லை, சமைத்துக்கொண்டிருக்கிறீர்கள். திறனை பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, நேரத்தை நீட்டி, புது இடத்தில் எடுங்கள். 820-இலும் 995-இலும் உச்சி வந்தால் ஆக்சைடாகவே எரித்துவிட்டீர்கள். எடுக்கும் முன் சிலிக்கானின் 520.7-ஐ வைத்துச் சரிபார்த்துக்கொள்வதை மறக்க வேண்டாம், 18-உக்கும் 20-உக்கும் வித்தியாசம் பார்க்கிற வேலை இது.

ராமனில் உச்சிகளின் உயரத்தை வைத்து 'இத்தனை சதவீதம் 1டீ பிரைம்' என்று எழுதாதீர்கள். இரண்டு ஃபேஸும் ஒரே அளவுக்கு ஒளியைச் சிதறடிப்பதில்லை.

சதவீதம் வேண்டுமென்றால் எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்-கதிர் பட்டு வெளியே வரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளப்பது). 2எச்-இல் மாலிப்டினம் 3டி 5/2 உச்சி 229.4 எலக்ட்ரான்வோல்ட் வாக்கில், 1டீ பிரைமில் அதைவிடச் சுமார் 0.8 முதல் 0.9 குறைவாக. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதால் பிரித்துப் பொருத்த வேண்டும். பொருத்தும்போது 5/2, 3/2 இரண்டுக்கும் இடையே 3.1 எலக்ட்ரான்வோல்ட், பரப்பளவு 3:2 என்ற விகிதத்தைக் கட்டாயமாக்குங்கள், 226 பக்கத்தில் வரும் கந்தகம் 2எஸ் உச்சிக்குத் தனி இடம் கொடுங்கள், 235-236-இல் ஆக்சைடு இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் மென்பொருளை விட்டால் அது எந்தச் சதவீதத்தையும் அழகாகப் பொருத்திக் காட்டும். இன்னொன்று: எலக்ட்ரான் டோப்பிங்கும் (கூடுதல் எலக்ட்ரான் சேர்வது) மின்னேற்றமும்கூட உச்சிகளை நகர்த்தும். கந்தகத்தின் 2பி உச்சிகளும் அதே பக்கம் புதிய ஜோடியாகப் பிரிந்திருந்தால்தான் ஃபேஸ் என்று நம்புவேன்.

டிஃப்ராக்‌ஷனில் 1டீ பிரைமின் அடையாளம், அறுகோணப் புள்ளிகளுக்கு நடுவே பாதித் தூரத்தில் வரும் கூடுதல் புள்ளிகள். சங்கிலிகள் மூன்று திசைகளில் எதிலும் ஓடலாம் என்பதால், மூன்று வகை டொமைனும் கலந்த இடத்தில் எடுத்தால் கூடு இரண்டு பக்கமும் இரட்டித்தது போலத் தெரியும். அது வேறொரு புது ஃபேஸ் இல்லை. அணு அளவில் பார்க்கும் ஸ்டெம் (எலக்ட்ரான் கற்றையால் வருடிப் பார்க்கும் நுண்ணோக்கி) படத்தில் 2எச் தேன்கூடாகத் தெரியும், ஏனென்றால் இரண்டு கந்தகங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நின்று சேர்ந்து பளிச்சிடுகின்றன. 1டீ குடும்பத்தில் அவை விலகி நிற்பதால் மங்கி, மாலிப்டினங்கள் மட்டும் எடுப்பாகத் தெரியும்.

மின்தடை அளந்து ஃபேஸைச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. 1டீ பிரைம் துகள்களை வடிகட்டிப் படலமாக்கினால் மின்சாரம் துகளுக்குத் துகள் தாவித்தான் போக வேண்டும், ஆகவே உலோகத் துகள்களே ஆனாலும் படலம் குறைக்கடத்தி போல நடிக்கும்.

மூன்றாவது கேள்வி, அடுக்கிய விதம். 2எச்-ஐயும் 3ஆர்-ஐயும் பிரிக்க மேலே சொன்ன ராமன் உச்சிகள் உதவாது, 50 செ.மீ.⁻¹-உக்குக் கீழே வரும் அடுக்கு உரசல் அதிர்வுகள் வேண்டும். அவ்வளவு கீழே அளக்க உதவும் ஃபில்டர் இல்லாத கருவியென்றால் இரண்டாம் ஹார்மோனிக் (லேசரின் இரு மடங்கு அதிர்வெண்ணில் திரும்ப வரும் ஒளி) எடுங்கள். 2எச்-இல் இரட்டைப்படை அடுக்குகளில் சமச்சீர் மையம் இருப்பதால் சமிக்ஞை கிட்டத்தட்ட மறைந்துவிடும், ஒற்றைப்படையில் வரும். 3ஆர்-இல் மையமே கிடையாது, அடுக்கு கூடக் கூடச் சமிக்ஞையும் கூடும். சிவிடி-யில் (ஆவியிலிருந்து படியவைக்கும் முறை) வளர்த்த இரட்டை அடுக்கு முக்கோணங்கள் என்றால் சாதாரண நுண்ணோக்கியே போதும், மேல் முக்கோணமும் கீழ் முக்கோணமும் ஒரே பக்கம் பார்த்தால் 3ஆர், எதிரெதிர்ப் பக்கம் பார்த்தால் 2எச்.

படி 7: கணக்கிடுவதென்றால் கூட்டைப் பெரிதாக எடுங்கள்

குவாண்டம் எஸ்பிரெஸோ என்ற டிஎஃப்டி நிரல் இலவசம், ஒற்றை அடுக்குக்குச் சாதாரண கணினியே ஓரளவு தாங்கும். முதல் முறை செய்கிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. மூன்று அணுக்கள் உள்ள சின்னக் கூட்டை எடுத்துக்கொண்டு 1டீ-ஐத் தளர்த்தினால் அது அப்படியே நிற்கும், 'நிலையானது' என்று எழுதிவிடுவார்கள். அந்தக் கூட்டில் ஒரே மாலிப்டினம்தான், ஜோடி சேர ஆளே இல்லை! ஆறு அணுக்கள் உள்ள செவ்வகக் கூட்டை எடுங்கள், அதிலும் ஒரு மாலிப்டினத்தை 0.1 ஆங்ஸ்ட்ராம் நகர்த்திவிட்டு ஆரம்பியுங்கள், ஏனென்றால் முழுச் சமச்சீர் நிலையில் விசைகள் பூஜ்யமாகவே இருக்கும், நிரலுக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாது. மும்மூன்றாகச் சேரும் வடிவத்தையும் சோதிக்க வேண்டுமென்றால் ரூட்3 × ரூட்3 கூடு வேண்டும்.

அடுக்குக்கு மேலே வெற்றிடம் குறைந்தது 15 ஆங்ஸ்ட்ராம், பல அடுக்கென்றால் வான் டெர் வால்ஸ் திருத்தம், 1டீ பிரைம் என்றால் ஸ்பின்-ஆர்பிட் கட்டாயம். பிபிஇ-யில் (டிஎஃப்டி-யில் வழக்கமாக எடுக்கும் தோராயம்) 2எச் ஒற்றை அடுக்குக்கு 1.7 வாக்கில் வரும். அது 1.85-உக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், பிபிஇ இடைவெளியைக் குறைத்துக் காட்டுவதும் எக்சிட்டான் பிணைப்பு விட்டுப்போனதும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் வந்த தற்செயல் அது. மின்னியல் இடைவெளி வேண்டுமென்றால் ஜிடபிள்யூ (டிஎஃப்டி-க்கு மேலே போகும் செலவு மிகுந்த கணக்கு முறை) வரை போக வேண்டும்.

படி 8: எதற்கு எந்த ஃபேஸ்

டிரான்சிஸ்டரின் நடுப்பகுதிக்கு 2எச் மட்டும்தான். 2011-இல் லோசானில் கிஸ் குழு செய்த ஒற்றை அடுக்கு டிரான்சிஸ்டரில் ஆன்-ஆஃப் விகிதம் 10 கோடி, இடைவெளி இல்லாமல் அது நடக்காது. தொல்லை உலோக முனைகள் தொடும் இடத்தில். அங்கே மட்டும் பியூட்டைல் லித்தியம் படும்படி மறைத்து 1டீ பிரைம் ஆக்கி, தொடுதடையை 200-300 ஓம்-மைக்ரோமீட்டருக்கு இறக்கினார்கள், சோவல்லா குழு, 2014. அழகான யோசனைதான். ஆனால் சிப் தயாரிப்பில் வரும் சூட்டை 1டீ பிரைம் தாங்காது, அதோடு 2021-இல் பிஸ்மத் என்ற அரை உலோகத்தை நேரடியாகப் படியவைத்தே 123 ஓம்-மைக்ரோமீட்டர் எடுத்துவிட்டார்கள். இன்று புதிதாக ஆரம்பிக்கும் ஒருவருக்குத் தொடுமுனைக்காக 1டீ பிரைம் பக்கம் போகச் சொல்ல மாட்டேன். ஹைட்ரஜன் வெளியேற்ற வினையூக்கி, மின்தேக்கி மின்முனை என்றால் போகலாம், அங்கே துகள்களின் பரப்பும் கடத்துதிறனும்தான் முக்கியம்.

ஃபேஸ் மாற்றத்தையே ஆராய ஆசை என்றால் மாலிப்டினம் டைசல்ஃபைடை விட்டு மாலிப்டினம் டைடெலுரைடுக்குப் போங்கள். அங்கே 2எச்-உக்கும் 1டீ பிரைமுக்கும் வித்தியாசம் சுமார் 0.04 எலக்ட்ரான்வோல்ட்தான். சுமார் 900 டிகிரியிலிருந்து சட்டென்று குளிர்வித்தால் 1டீ பிரைம், மெதுவாகக் குளிர்வித்தால் 2எச். 2015-இல் கொரியாவில் லேசரால் கோடு போட்டே மாற்றிக் காட்டினார்கள், 2017-இல் பெர்க்லியில் கேட் மின்னழுத்தத்தால் ஒற்றை அடுக்கை அங்கேயும் இங்கேயும் மாற்றினார்கள். ஒரே குறை, மெல்லிய டெலுரைடுகள் காற்றில் சீக்கிரம் கெட்டுவிடும், உரித்த கையோடு குளோவ் பாக்ஸுக்குள்ளேயே போரான் நைட்ரைடால் மூடிவிட வேண்டும்.

லித்தியம் முறையில் செய்த 1டீ பிரைம் மாதிரி என்றால், குளிரான இருட்டு இடத்தில், ஈரமாகவே, காற்றுப் படாமல் வையுங்கள். உலர்த்த வேண்டியிருந்தால் ஓவனில் (சூட்டடுப்பில்) வைக்காதீர்கள், அறை வெப்பத்திலேயே வெற்றிடத்தில் உலர்த்துங்கள். பாட்டிலின் மேல் ஃபேஸ் பெயரை மட்டும் எழுதாமல், தயாரித்த தேதி, கடைசியாக ராமன் எடுத்த தேதி, எடுத்த லேசர் திறன் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள், எக்ஸ்பிஎஸ்-க்கு அனுப்பும் அன்றே இன்னொரு ராமனும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.